ஊதா உதடும் ஒரு டாக்டர் வேலையும்

சிட்டு, அம்மா மேடை ஏறிவிட்டேன். சத்தமாகவே பேசுகிறேன், கேட்டுக்கொள்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயாவு அண்ணே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, குளித்த ஈரம் காயுமுன் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வந்த நம்ம புந்தோங் ஊர்த் தாய்மார்களே, வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே, அடுத்த வாரம் நம்மை விட்டுப் போகப்போகும் டாக்டர் தவமணி அம்மா அவர்களே, அனைவருக்கும் இந்தச் செல்லாயியின் கும்பிடு.

நான் படித்தவள் அல்ல. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். தோட்டம் கைமாறிய பிறகு இங்கே வந்து துணி துவைத்துப் பிழைக்கிறவள். டாக்டரம்மாவுக்கு வழியனுப்பு மாலை போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மாலை இதோ இருக்கிறது. நான் போடமாட்டேன். ஏன் என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஈப்போவில் பிறந்து, வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போய், பிள்ளைகளின் இருதயத்துக்கென்றே தனிப் படிப்புப் படித்து, ஊருக்கு உழைக்க ஓடி வந்தவர் இவர். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கேட்டதற்கு மேலிடம் என்ன சொன்னது? அந்த நோய்க்காரப் பிள்ளைகள் இங்கே ஆஸ்பத்திரிக்கு வருவதே இல்லையாம். நோயாளி இல்லாத இடத்தில் வேலை எதற்காம்? வந்த வழியே இவர் திரும்புகிறார்.

நோயாளி இல்லையா? அப்படியானால் என் மகள் மங்களம் யார்?

வீட்டில் அவளைச் சிட்டு என்போம். எந்நேரமும் உதடு ஊதா. தோட்டத்து ஓரத்தில் செண்டுடுக் பழம் காய்க்குமே, தின்றால் வாயெல்லாம் ஊதாவாகுமே, அதுதான் என்று லயத்து வீட்டு வரிசை முழுக்க முடிவு கட்டியது. "ஏன்டி சிட்டு, எங்களுக்கும் ரெண்டு பழம் வச்சா என்னலா?" என்பாள் பக்கத்து வீட்டு ராக்காயி. தோட்டத்து மருந்துக்காரர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "பழத்தைக் கொறைச்சுக்க" என்று வயிற்று மருந்து கொடுத்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் ரோட்டிலேயே குந்திவிடுவாள். "தொர வீட்டுப் புள்ள, நடக்க வலிக்குது" என்று சிரித்தார்கள். "நான் பழமே திங்கலம்மா" என்பாள் அவள். ஒரு காலையில் அப்படிக் குந்தியவள் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் என்று எழுதினார்கள். புதைத்தோம்.

போன மாதம் டாக்டரம்மா வீட்டில் துணி எடுக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். இவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை நடந்து வரேக்க இடையில குந்துவாளோ, அம்மா?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குந்தினா மூச்சுக் கொஞ்சம் லேசாகும். அது சோம்பலில்லை. இருதயத்தில குறை."

"பொழைச்சிருப்பாளா?"

"நேரத்தோட கண்டிருந்தா, ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கலாம்."

தாய்மார்களே, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத பிள்ளை நோயாளிக் கணக்கில் வருமா? கணக்கில் வராத பிள்ளைக்கு டாக்டர் வருவாரா? டாக்டர் வராத ஊரில் அடுத்த பிள்ளை பிழைக்குமா? பழம் என்றோம், பயந்தோம், பேசாமல் புதைத்தோம். போதும்.

ஓடினால் மூச்சு முட்டும் பிள்ளை, உதடு கறுக்கும் பிள்ளை, வழியில் குந்தும் பிள்ளை, யார் வீட்டில் உண்டு? கை தூக்குங்கள். கூச்சப்படாதே கருப்பம்மா, தூக்கு. அதோ அங்கே ஒரு கை. தூணுக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஐயாவு அண்ணே, எழுந்து நின்று பாருங்கள். ஒரு மண்டபத்துக்குள்ளேயே இத்தனை.

திங்கட்கிழமை காலை கோயில் வாசலில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவோம். ஒவ்வொரு தாயும் பிள்ளையைக் காட்டி, இதற்கென்று படித்த டாக்டர் வேண்டும் என்று கேட்போம். இல்லை என்றால் மறுபடி வருவோம். வருகிறவர்களை எண்ணி எண்ணி அவர்கள் கை ஓயட்டும், நம் கால் ஓயாது.

என்ன சன்னாசி? வேலை நாளா? காவடி எடுக்க ஒரு வாரம் லீவு வாங்கினியே, பெத்த புள்ளைக்கு ஒரு நாள் கேளுலா.

டாக்டரம்மா, பயணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த மாலை வாடட்டும். நீங்கள் இந்த ஊர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரும் நாளில் புது மாலை கட்டி நானே கொண்டு வருவேன்.

படிக்காதவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. கை தூக்கிய தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சிட்டு, திங்கட்கிழமை இவர்கள் எல்லாரும் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முன்னால் நடக்கப்போகிறவள் நான். நான் யார் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்?