இரண்டு மாடிகளுக்கு நடுவில் முடிவான மாத்திரை

வாக்குமூலம் கொடுப்பவர் பெயர்: தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனையில் 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தாறு. தொழில்: லிஃப்ட் மெக்கானிக். விலாசம்: சலவைக் கடைக்கு மேல் வீடு.

மேற்படி விலாசத்தில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் கைகளால்தான் பேசிக்கொள்வோம். மனைவிக்குச் சில வருடங்களாக முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டால் அவளால் மகளிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே மூட்டு டாக்டர் அவளுக்குப் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்து விரல்கள் மடங்கின. சர்க்கரை ஏறியது. அதன் பின் அதே கட்டடத்தில் இருக்கும் சர்க்கரை டாக்டரிடம் போனோம். அவர் அந்தச் சீட்டில் மாத்திரையை அடித்துவிட்டு, சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாது என்று டெஃப்லசாகார்ட் என்ற வேறு ஸ்டீராய்டை ஆறு எம்.ஜி. எழுதினார். அதன் பின் விரல்கள் மறுபடி வீங்கின. மூட்டு டாக்டர் என்னிடம் எரிந்து விழுந்தார். "நான் குடுத்தது அஞ்சு எம்.ஜி. செய்யற வேலைய அவரு குடுத்தது ஆறு எம்.ஜி. இருந்தாதான் செய்யும். பத்து சாப்பிட்டவங்களுக்கு ஆறு குடுத்தா எப்படிங்க?" அவரிடமே சொல்லுங்கள் ஐயா என்றேன். "நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். "ஸ்டீராய்டால எலும்பு தேஞ்சு ஒடஞ்சா அவரா வந்து நிப்பாரு?" என்றார் சர்க்கரை டாக்டர். அதன் பின் மூட்டு டாக்டர், மணிக்கட்டில் ஊசியாகவே போட்டுவிடலாம் என்றார். ஊசியும் அதே இனம்தான், போட்டால் சில நாள் சர்க்கரை எகிறும் என்றார் சர்க்கரை டாக்டர். இப்படி மாடிக்கு மாடி நாயாய் அலைந்தேன். இரண்டு பேர் மேஜையிலும் போன் இருக்கிறது. பழைய பிரட்னிசலோனில் மிச்சம் இருந்ததை நானாகவே பாதி பாதியாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அது தப்புதான்.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து வந்து அம்மாவிடம் ஏதோ கேட்டாள். மனைவி கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மகள் என் பக்கம் திரும்பி, அம்மாவுக்குத் தன் மேல் கோபமா என்று கையால் கேட்டாள்.

சம்பவத்தன்று மேல்மாடியில் டாக்டர்கள் கூட்டம் முடிந்து, இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மாடியில்தான் இருக்கிறது. நான் பெட்டியைத் திறந்து லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். விளக்கையும் மின்விசிறியையும் அணைக்கவில்லை. அதன் பின் உள்ளே இருப்பவர்களோடு பேசும் கருவியில், நான் இன்னார், என் மனைவிக்கு எந்த மருந்து என்று இருவரும் பேசி முடித்தால் கீழே இறக்குகிறேன் என்று சொன்னேன்.

இருவரும் என்னைத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் லிஃப்டின் தலையில் ஒருவர் நின்று வேலை பார்க்கும்போது, அவர் சொன்னதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே இருப்பவர் திருப்பிச் சொல்லாமல் லிஃப்ட் ஓர் அங்குலம் நகராது. இங்கேயும் அப்படித்தான், ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன்.

உள்ளே துணிவண்டி தள்ளும் அம்மாவும் மாட்டிக்கொண்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஏங்க, ரெண்டு பேரும் சட்டுனு பேசி முடிங்களேன். மூணு வார்டு துணி மாத்தணும், எனக்கு வேல கெடக்கு!" என்று அவர் சத்தம் போட்டார். அந்த அம்மாவிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின் அவர்கள் பேசினார்கள். பிரட்னிசலோனே இருக்கட்டும், பத்து எம்.ஜி., காலையில் சாப்பாட்டுக்குப் பின் என்றார் மூட்டு டாக்டர். சர்க்கரை டாக்டர் அதைத் திருப்பிச் சொன்னார். சர்க்கரை மருந்தை நான் கூட்டுகிறேன், எலும்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்றார் இவர். மூட்டு டாக்டர் அதைத் திருப்பிச் சொன்னார். அவள் ஏற்கெனவே வாரம் ஒரு முறை போடும் மூட்டு மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டு ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைப்பது, சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதிலும் இருவருக்கும் ஒரே பேச்சுதான். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் ஐயா இத்தனை நாள் அலைந்தேன். உடனே லிஃப்டை இறக்கினேன். காவலாளி என்னைப் பிடித்து இந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்.

லிஃப்டை நிறுத்தியது நான்தான். தண்டனை கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முடிவு செய்த மருந்தை இதுவரை யாரும் எழுதித் தரவில்லை. என் மனைவி இரண்டு மாடிக்கும் ஏறிக் கேட்டுவிட்டாள். அவர் எழுதட்டும் என்கிறார் இவர், இவர் எழுதட்டும் என்கிறார் அவர். சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தரமாட்டார்கள். வீட்டில் நாளைக் காலைக்கு மட்டும்தான் மாத்திரை இருக்கிறது.

என் மேல் கொடுத்த புகாரை நீங்கள் காட்டினீர்கள். அதில் இரண்டு டாக்டர்களும் ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே பேனாவால் இன்னொரு தாளிலும் போடச் சொல்லுங்கள் ஐயா.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்திச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்