சைக்கிள் நிற்கும் தெரு

2000, மே 19. வெள்ளிக்கிழமை. ஃபிஜித் தீவின் தலைநகர் சுவா. ஓடுகிறேன்.

பின்னால் கண்ணாடி உடைகிறது. ஒரு கடை. அடுத்த கடை. வலது கையில் என் கடைசி மகள், எட்டு வயது. இடது கக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடிக்க நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. கொஞ்ச நேரத்தில் இந்தியர் கடைகள் நிறைந்த எங்கள் தெரு எரிகிறது.

எங்களுடையது போட்டோ ஸ்டுடியோ. ஓடுவதற்குச் சற்று முன், என் வீட்டுக்காரர் ஷட்டரை இழுத்துவிடப் போராடுகிறார். உள்ளே பார்த்துக் கத்துகிறார்.

"தனம், டின்னை எடு! பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓடு!"

அலமாரியில் டின் இரண்டு. ஒரே மாதிரி. ஒன்றில் குடும்பப் படங்கள், எங்கள் கல்யாணப் படமும் அதில்தான். மற்றதில் அவர் எடுத்த தெருப் படங்கள். புகை. கைக்கு வந்ததை எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. என் புத்தி எங்கே போயிற்றோ.

நானும் அவரும் மகளும் ஊருக்கு வெளியே நகாசியில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் திறந்தோம். தெரு. தெரு. எல்லாம் ஆள் இல்லாத தெரு. 1987 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கான நாள், கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்றார்கள். அந்த ஞாயிறுகளில் எடுத்தவை. வெறும் தெருவில் எதை வைத்து ஃபோகஸ் பார்ப்பது? தன் சைக்கிளை ஒரு கம்பத்தில் சாய்த்துவிட்டு, திரும்பி வந்து எடுப்பார்.

மற்ற டின் ஸ்டுடியோவோடு எரிந்துபோயிற்று. அழுதேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விடு தனம். தெருவாவது மிஞ்சுச்சே."

மறு வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். மாலை போட ஒரு படம் இல்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் காமிராவுக்குப் பின்னால் நின்றவர். பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. நான் எங்கே போகப் போகிறேன் என்பார். பிள்ளைகள் மூவரும்தான் போனார்கள். டின்னைப் பார்க்கப் பிடிக்காமல் நூலகத்தில் கொடுத்தேன். யார் எடுத்தது, எது யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து கடைசி மகள் பேசினாள். பாதி எங்கள் தீவு ஹிந்தி, பாதி தமிழ். அழுதாள்.

"அம்மா, அப்பா மூஞ்சி எனக்கு ஞாபகமே வரல."

அந்த டின்னை எடுத்தது என் கை.

இந்த வாரம் நூலகத்தில் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அமைதியான ஊர் என்று ஒருவர் ரசிக்கிறார். அமைதியாம்! பயந்து வீட்டுக்குள் கிடந்தோம் ஐயா. ஒரு படத்தின் கீழே எழுதியிருக்கிறது: 'சைக்கிள். யாருடையது என்று தெரியவில்லை.'

அந்தப் படத்தின் இரண்டு நகல் கேட்டு வாங்கினேன். ஒன்றை மகளுக்கு அனுப்பினேன். சைக்கிளுக்கு எதிரே நின்று பார்த்தவர்தான் உன் அப்பா என்று போனில் சொன்னேன். இன்னொன்றைச் சுவரில் மாட்டிச் சாமந்தி மாலை போட்டிருக்கிறேன். வெறும் தெருவுக்கு யாராவது மாலை போடுவார்களா என்று தங்கை கேட்கிறாள். நான் போடுகிறேன். கண்ணை மூடினால் எனக்கும் இப்போது சைக்கிள்தான் வருகிறது.

இழந்தவை: ஸ்டுடியோ ஒன்று. காமிரா இரண்டு. டின் ஒன்று. கடல் கடந்த பிள்ளைகள் மூவர். முகம் ஒன்று.