பெயிண்ட் காயும் வரை

டிங்கர் பட்டறை பார்ப்பதில் அவசரப்படக் கூடாது என்பது என் கொள்கை. அவசரப்பட்டவர்களின் கார்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். கதவு ஒரு நிறம், மட்கார்டு இன்னொரு நிறம். ஆகவே சங்கரன்கோவில்காரனான நான் ஏன் காரைச் சிவகிரிக்குக் கொண்டுபோனேன் என்று நீங்கள் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நியாயமான கேள்விதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஜஸ்டஸ். உயர்நிலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டர், சர்ச் சபையில் செயலாளர். மூத்த மகளுக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று காலை என் கையைவிட்டு எதெல்லாம் போய்விடும் என்று பயந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டி சிவகிரி போகும் சாலையில், ஒரு வளைவில், அந்தப் பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தேன். நான் ஒடித்த பக்கமே அவளும் விலகினாள். இடது ஹெட்லைட் உடைந்தது, மட்கார்டு உள்ளே போய்விட்டது. இறங்கிப் பார்த்தபோது அவளுடைய முந்தானை முடிச்சு அவிழ்ந்து, அதிலிருந்த ஏதோ மண், ரோட்டில் சிந்திக் கிடந்தது. ஒரு கால் திரும்பியிருந்தது. பேச்சு இருந்தது. "ஐயா, தண்ணி" என்றாள்.

சித்திரை வெயில். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் இல்லை. அவளைத் தூக்கி, பக்கத்திலிருந்த ஓடைப் பாலத்துக்கு அடியில் படுக்க வைத்தேன். வெயில் படக் கூடாது என்றுதான். அங்கே படுத்திருந்தால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"வண்டிய சரி பண்ணிட்டு வாரேன் தாயி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தலையாட்டினாள்.

உடனே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்கிறீர்கள். அந்த முகப்போடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், இடித்தது யார் என்று யாரும் கேட்கவே வேண்டாம். கார் சரியாக இருந்தால், வழியில் கிடந்தவளைத் தூக்கிவந்த நல்ல மனிதன். இரண்டுக்கும் நடுவே ஒரு மட்கார்டுதான் இருந்தது.

ஆகவே பட்டறையை யோசித்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறைக்காரன் என் பழைய மாணவன். ஒரு கீறலுக்கே ஊரைக் கூட்டிவிடுவான். ராஜபாளையத்தில் வேலை சுத்தம், ஆனால் வண்டியை நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். அவ்வளவு நேரம் அவளுக்குத் தாங்காது. அவளை நினைத்துத்தான் ராஜபாளையத்தை விட்டேன்; அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். சிவகிரியில் காளிராஜ் என்பவர் தனி ஆளாகப் பட்டறை வைத்திருக்கிறார், கையோடு முடித்துத் தருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே என்னைத் தெரிந்தவர்களும் இல்லை.

காளிராஜ் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். அவர் கை முழுக்கச் சொறி.

"என்னத்துல சார் மோதுச்சு?"

"எருமை" என்றேன்.

"முடிச்சுக் குடுத்துருதேன். ஆனா மோதுன வண்டிய அப்படியே தொட மாட்டேன் சார். எங்க வீட்டுக்காரி வந்து உப்பு மிளகாய் சுத்திப் போட்டாத்தான் சுத்தியல எடுப்பேன். இப்ப வந்துருவா."

எங்கே போயிருக்கிறார்கள் என்று, நேரம் போக வேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டேன்.

"எல்லாம் இந்தக் கைக்காகத்தான். கோமதி அம்மன் கோயில்ல புத்துமண் எடுத்துட்டு வாரேன்னு நேத்து சங்கரன்கோயிலுக்குப் போனா. கரிவலத்துல அம்மா வீட்டுல தங்கிட்டுக் காலையிலேயே வாரேன்னா. இன்னும் காணல."

ரோட்டில் சிந்திக் கிடந்த மண் என் கண் முன்னால் வந்து நின்றது. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. எழுந்து ஓடிவிடத் தோன்றியது; ஆனால் கார் அங்கே நிற்கிறது. அவள் வந்தால்தான் வேலை தொடங்கும். அவள் வர மாட்டாள் என்பது அந்தப் பட்டறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"நானே சுத்திப் போடட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களப் பாத்தா வேதக்காரவுக மாதிரில்லா இருக்கு?"

"வேதக்காரங்க மேலயும் கண்ணு படும்லா" என்று சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குள் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து தந்தார். காரைச் சுற்றிவந்து நெருப்பில் போட்டேன். உப்பு வெடித்தது. மிளகாய் கமறவே இல்லை.

"நெடியே வரல பாத்தீங்களா? பெரிய கண்ணு சார்" என்றார் காளிராஜ்.

எங்கள் சபையில் இதெல்லாம் பாவம். என் மனதை இன்றைக்கும் உறுத்துவது அதுதான். போதகரிடம் சொல்லி ஜெபித்துவிட்டேன்.

பிறகு அவர் தட்டத் தொடங்கினார். நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தி நிறுத்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வழியாத்தான வந்தீங்க? பச்சச் சேல கட்டி ஒரு பொம்பள நடந்து வந்தாளா சார்? சுப்புத்தாய்னு பேரு. பஸ்ஸ எதுக்குப் பாக்கணும்னு நடந்தே வந்துருவா, கிறுக்கி."

"யாரையும் பார்க்கலையே" என்றேன். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

பெயிண்ட் அடித்து முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. ஈரத்தோடு எடுத்தால் தூசி ஒட்டும் என்றார். காயும் வரை உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கித் தந்தார், குடித்தேன். ஒவ்வொரு முறை அவர் ரோட்டைப் பார்க்கும்போதும் நான் பெயிண்டைப் பார்த்தேன்.

புறப்படும்போது, "போற வழிதான சார், என்னையும் ஏத்திக்கிடுங்க. அவ அம்மா வீட்டுல பாத்துட்டு வந்துருதேன்" என்றார். மாட்டேன் என்றால் சந்தேகப்படுவார். ஏற்றிக்கொண்டேன்.

பாலம் வந்தது. வளைவில் வேகத்தைக் குறைத்தேதான் ஆக வேண்டும். குறைத்தபோது கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய சத்தம்தான்.

"என்ன சார் அது?"

"கியர்" என்று சொல்லி ஆக்சிலேட்டரை மிதித்தேன். அவர் கொஞ்ச தூரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவரைக் கரிவலத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் போய் அவளை ஏற்றுவதுதான் என் திட்டம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவரை இறக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு ஹெட்மாஸ்டர் இருட்டில் யாரோ ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? வீட்டில் கல்யாண வேலை வேறு நடந்துகொண்டிருக்கிறது. நேரே வீட்டுக்குப் போய்விட்டேன்.

காளிராஜ் விடிய விடியத் தேடி, வெளிச்சம் வந்த பிறகு பாலத்தடியில் கண்டுபிடித்தபோது உடம்பில் சூடு இருந்தது என்கிறீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உப்பு மிளகாய், வீட்டுக்காரி என்று உட்கார்ந்திராமல், நான் போய் நின்றவுடனே அவர் சுத்தியலை எடுத்திருந்தால் பகலிலேயே பெயிண்ட் காய்ந்திருக்கும், அவளும் பிழைத்திருப்பாள். உள்ளபடி பார்த்தால் அவர் பெயரைத்தான் நீங்கள் எழுத வேண்டும். ஆனால் பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர். நான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.