ஹெல்மி மேடு ஏறின விதம்

– கத்தாதீங்கன்னு நீ என்கிட்ட சொல்லாத, ரெய்னோ. என் தங்கச்சி ஹெல்மி சவப்பெட்டியோட உன் வண்டியில மேட்டுலேர்ந்து பின்பக்கமாவே சறுக்கிக்கிட்டு வந்து மதுக்கடை வாசல்ல நின்னாளே, அப்ப யாராவது கத்தினாங்களா? சிரிச்சாங்க. கையில பீர் கிளாஸோட வெளிய வந்து நின்னு சிரிச்சாங்க.

– ஐலி, உள்ள இன்னொரு குடும்பம் உக்காந்திருக்கு. அவங்க அப்பா நேத்துதான் போனார். கொஞ்சம் மெதுவா பேசலாமே.

– கேக்கட்டும். அவரையும் இந்த அமரர் ஊர்தியிலதானே கல்லறை மேட்டுக்கு ஏத்தப் போற? முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கட்டும்.

– நான் குறுக்க பேசக் கூடாதுதான். ஆனா அவங்க ஏற்கெனவே கதவுகிட்ட வந்து நிக்கிறாங்க. காப்பி குடுக்கப் போனப்ப, இங்க பேசுறது கேக்குதான்னு கேட்டேன். நல்லாவே கேக்குதாம்.

– பெர்னிஸ், நீ போய் ஃபோன் பக்கத்துல உக்காரு.

– ஃபோன் அடிக்கல ரெய்னோ. அடிச்சா போறேன். பதினெட்டு வருஷமா அதுக்குத்தானே சம்பளம் குடுக்குறீங்க.

– அவ இருக்கட்டும். சாட்சிக்கு ஒருத்தர் வேணும். இந்தா, இதப் படி. சர்ச் மகளிர் சங்கத்துல நாப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். நாலு சக்கரமும் இழுக்குற வண்டி நீ வாங்கணும். இல்லேன்னா எங்க கடைசி ஊர்வலம் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன்கிட்ட போயிடும். அவன் வாங்கிட்டான்.

– நாப்பத்திரண்டு பேரா? சங்கத்துல மொத்தமே நாப்பத்திமூணு பேர்தானே ஐலி.

– எல்மாவுக்குக் கை நடுங்குது. அதனால வாயால சொன்னா.

– அவன் வண்டிய நீங்க பாத்திருக்கீங்களா? ரொட்டி கொண்டு வர்ற வண்டி மாதிரி இருக்கு. உயரமா, மொட்டையா. சாவுக்கு வர்ற வண்டிக்கு ஒரு நீளம் வேணும். ஒரு கண்ணியம் வேணும்.

– கண்ணியத்தப் பத்தி நீ பேசுறியா? மதுக்கடையில என்ன சொல்றானுங்க தெரியுமா? ஹெல்மி இன்னும் நாலு துண்டு ரொட்டி தின்னிருந்தா வண்டி ஏறியிருக்குமாம். எட்டு மாசம் புத்துநோயில படுத்துக் கெடந்தவ, கடைசியில ஒரு கரண்டி கஞ்சிகூட எறங்காதவ. அவள எடை போட்டுப் பேசுறானுங்க. யாரால?

– என்னாலதான். ஒத்துக்குறேன்.

– ஒத்துக்கிட்டா போதுமா?

– ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். நாலு சக்கரமும் இழுத்தா மேடு ஏறும், சரி. ஆனா பிரேக் போடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பனிக்கட்டியில எறங்கும்போது அதுவும் இதே மாதிரிதான் சறுக்கும். அந்தத் தைரியத்துல வேகமாப் போய்ப் பள்ளத்துல விழுந்தவங்க இந்த ஊர்ல எத்தனை பேரு.

– என் தங்கச்சிக்கு எறங்குற வேலையே இல்ல ரெய்னோ. அவளுக்கு ஏறினா போதும்.

– நான் குறுக்க பேசக் கூடாதுதான். ஆனா அது நியாயமான பேச்சு.

– பெர்னிஸ்.

– எங்கிட்ட வண்டியப் பத்திப் பாடம் நடத்தாத. முப்பத்தொரு வருஷம் அதே மேட்டுல பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நான். ஒரு நாள் பின்னால வந்ததில்ல.

– உங்க பஸ்ஸும் பின்சக்கரம் தள்ளுற வண்டிதான்.

– ஆமா. அதனாலதான் பனி கொட்டுற நாள்ல பெரிய கிளாஸ் தடிப்பயலுங்க எல்லாரையும் கடைசி சீட்டுல உக்கார வெப்பேன். பின்சக்கரத்து மேல கனம் இருந்தாத்தான் பிடிப்பு. ஊர்ல பழைய வண்டி வெச்சிருக்கிற அத்தனை பேரும் நவம்பர் பொறந்ததும் பின்னாடி மணல் மூட்டை ஏத்துறாங்க. உங்க அப்பாவும் ஏத்தினார். உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? ஏன் ஏத்தல?

– மறந்துட்டேன்.

– என்னது?

– மறந்துட்டேன் ஐலி. அவ்வளவுதான். மன்னிச்சிடுங்க.

– மறந்தானாம். கேட்டியா பெர்னிஸ்? ஜனவரி மாசம், முழங்கால் பனி, இவன் மணல் மூட்டைய மறந்தானாம். என் தங்கச்சிய ஊரே சிரிச்சுப் பாத்தது இவன் மறதியால. இனி கையெழுத்து எதுக்கு? நாளைக்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஃபோன் பண்றேன்.

– பண்ணுங்க. உங்க இஷ்டம்.

– நான் குறுக்க பேசப் போறேன்.

– பெர்னிஸ், வேண்டாம்.

– பதினெட்டு வருஷமா எனக்கு வாய் நீளம்னு ஊர் சொல்லுது. சும்மாவா கெட்ட பேரு வாங்குறது? ஐலி, அவர் மறக்கல. சர்ச் வாசல்ல வண்டியோட பின்கதவு தெறந்திருந்தது. நாலு மூட்டை, பக்கத்துக்கு ரெண்டா கெடந்துச்சு. நீங்க பாத்தீங்க. என் தங்கச்சி பக்கத்துல இந்த அழுக்குச் சாக்கு எதுக்குன்னு கேட்டீங்க. தூக்கி வெளிய போடு, அந்த எடத்துல பூவ வைன்னீங்க.

– நானா?

– நீங்கதான். கறுப்புக் கோட்டுல மணல் ஒட்ட ஒட்ட நாலையும் அவரே தூக்கி வெளிய வெச்சார். பூவ வெச்சது நான்.

– எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லையே.

– எப்படி இருக்கும்? ரெண்டு நாளா தூங்காம நின்னீங்க.

– ரெய்னோ. என் முகத்தப் பாத்துச் சொல்லு. இவ சொல்றது நெசமா?

– துக்கத்துல இருக்கிறவங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றதில்ல. எங்க தொழில்ல அது மொதல் பாடம்.

– நாப்பத்திமூணு பேர் உன்ன விட்டுப் போனாலுமா?

– போனாலும்தான்.

– எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஒரு வாரமா ஊர் பூரா உன்னத் திட்டிக்கிட்டுத் திரியிறேன்.

– சொன்னா என்ன ஆகும்? எல்லாம் உங்களாலன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடப்பீங்க. என்னத் திட்டினாலாவது தூக்கம் வரும்.

– வரல.

– காப்பி ஊத்தட்டுமா ஐலி?

– வேணாம். அந்தப் பேப்பரக் குடு.

– கிழிக்காதீங்க ஐலி. அவங்க எல்லாரும் உண்மையான வருத்தத்துலதான் கையெழுத்துப் போட்டாங்க.

– யார் கிழிக்கப் போறா? அடியில எடம் இருக்கு. பேனா எங்க? இந்தா, எழுதுறேன்: மூட்டைய எடுக்கச் சொன்னது நான், ஐலி, செத்தவளோட அக்கா. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முடிஞ்சதும் நானே எழுந்து நின்னு படிக்கிறேன்.

– அதெல்லாம் வேண்டாம்.

– வேணுமா வேணாமான்னு உன்னக் கேக்கல. உம்மேல எனக்கு இன்னும் கோவம் தீரல, தெரிஞ்சுக்கோ. பாதி மேட்டுல நீ பிரேக்க மிதிச்ச. மேட்டுக்குக் கீழ நின்ன கார்லேர்ந்து சிவப்பு விளக்கு எரிஞ்சதப் பாத்தேன். மேட்டுல எவனாவது பிரேக்க மிதிப்பானா? மூட்டை இல்லாமலே நான் ஏத்தியிருப்பேன். உள்ள இருக்கிறவங்க அப்பாவுக்கு ஊர்வலம் என்னிக்கு?

– நாளைக்குக் காலையில, பதினொரு மணிக்கு.

– நாலு பத்தாது, ஆறு மூட்டை போடு. மேல ஒரு நல்ல துணி விரி, கண்ணுக்கு உறுத்தாம. சாவியக் குடு. நான் ஓட்டுறேன்.

* * *

– அப்புறம் என்னாச்சு பெர்னிஸ்? ஐலி நெசமாவே படிச்சாளா?

– படிச்சா அக்கா. மதுக்கடை வாசல்ல சிரிச்சவனுங்ககூட அன்னிக்குச் சர்ச்சுக்கு வந்திருந்தானுங்க. ஒருத்தனும் சிரிக்கல. ஜனவரியில இன்னொரு வண்டியில கட்டி இழுத்து மேடேத்தி, மண்ணு உறைஞ்சு கெடந்ததால அங்க கல் அறையில வெச்சிருந்த ஹெல்மிய, இந்த மே மாசம் மண்ணு இளகினதும் எடுத்து அடக்கம் பண்ணினோம். நீங்க அங்க மில்வாக்கி நகரத்துல குளிர்காலத்துலயும் மிஷின் வெச்சுத் தோண்டிடுவீங்க, எங்களுக்கு அந்த வசதி ஏது.

– ரெய்னோ புது வண்டி வாங்கினானா இல்லையா?

– வாங்கல. அதே பழைய நீள வண்டிதான். ஓட்டுறது ஐலி. குளிர்காலம் முடியிறதுக்குள்ள பதினேழு பேர ஏத்திட்டா. ஒருத்தரும் திரும்பி வரல.

– ரெய்னோ பாவம். பொண்டாட்டி போய் இத்தனை வருஷமா ஒண்டியாவே கெடக்கான்.

– அவருக்கு அடுத்த மாசம் கல்யாணம்.

– கல்யாணமா? ஐலியத்தானே? நீ கதைய ஆரம்பிச்சப்பவே நெனச்சேன்.

– ஊரே அதான் நெனச்சுது. ரெண்டு பேர் ஐலிக்கு வாழ்த்தே சொல்லிட்டாங்க. அவ அவங்கள ஒரு மணி நேரம் திட்டினா.

– பின்ன பொண்ணு யாருடி, பெர்னிஸ்?

– அன்னிக்கு ஒருத்தர் ஊரோட ஏச்சு மொத்தத்தையும் வாய மூடிக்கிட்டு வாங்கினார். அதப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. ஏன்னு நீ இன்னும் கேக்கவே இல்லையே அக்கா? ஜூன் பதினாலு, சனிக்கிழமை. நீதான் பொண்ணுத் தோழியா என் பக்கத்துல நிக்கணும்.