துரைசானியின் சென்ட்

யுத்த காலம். ஆஸ்டின் டவுனில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால், வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துவந்த ஆயா நின்றிருந்தாள்; பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“செத்துப்போன துரைசானியோட சென்ட்டை நான் பூசியிருக்கக் கூடாதுக்கா.”

“ஏன் பூசின?”

“குழந்தை அம்மாவைத் தேடித் தூங்காம அழுதுச்சு. என் புடவைத் தலைப்புல ஒரு சொட்டு வச்சேன். மடியில படுத்ததும் தூங்கிடுச்சு.”

“நல்லதுதானே?”

“அது அடக்கமான சென்ட்டா? பழுத்த பீச் பழமும் ரோஜாவும் கலந்த வாசனை, வீடு பூரா போயிடும். வாசல்ல நுழைஞ்ச துரை, துரைசானி பேரைக் கூப்பிட்டுக்கிட்டே ஓடி வந்தாரு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாரு.”

“திட்டினாரா?”

“இல்ல. மறுநாள்லேருந்து வரவேண்டாம்னுட்டாரு.”

“குழந்தை?”

வரிசை நகர்ந்தது. ஆயா டின்னைத் தூக்கிக்கொண்டாள்.

“பாட்டிலையும் உடைச்சுட்டாராம். எதை மோந்துட்டுத் தூங்குதோ.”