பதினொரு தடவை அறுந்த லைன்

போன் லைன் பாதியில் அறுந்தால் முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும். அப்புறம் வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் அப்புறம்தான் வங்கியைத் திட்ட வேண்டும். நம் வாடிக்கையாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அமீன். அதனால்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம் வருகிறது.

நேற்று நீங்கள் என் மேசையில் வைத்துவிட்டுப் போன தாளைப் படித்தேன். சோதனைக் காலத்துப் பதிவுகளைப் பெட்டியில் கட்டும்போது என் வீட்டுக் கணக்கு உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நாற்பத்து மூன்று நாள் ஒரு தடவைகூட லைன் அறுபடவில்லை. 1987 நவம்பர் 12, வியாழக்கிழமை மட்டும் நாலு மணிக்கும் நாலே முக்காலுக்கும் நடுவில் பதினொரு தடவை. அதற்கு அடுத்த தடவை மறுபடியும் சுத்தம். "லாசரஸ் அண்ணே, இது என்ன கோளாறுன்னு ஞாபகம் இருக்கா? ரிப்போர்ட்ல ஒரு வரி போடணும்லா" என்று கேட்டீர்கள். இரண்டு வருடம் ஆகிறது, மறந்திருந்தால் பரவாயில்லை என்றும் சொன்னீர்கள்.

மறக்கவில்லை. ஒரு வரியில் அடங்காது என்பதால் எழுதித் தருகிறேன். நாம் இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம். இதையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் பாடு.

வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் சோதனைக்கு வங்கி எடுத்த நூறு பேர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தவர் நீங்கள்தான். டன்லப் ஸ்திரீட்டில், வீட்டுக்குக் கீழே இருந்த என் கடைக்கு வந்து, டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் உங்கள் கண் விரிந்தது. மற்றவர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தே அதை வாங்கியிருந்தேன். நீங்கள் கொடுத்த புரோகிராமை அதில் போட்டால், மோடம் என்கிற சின்னப் பெட்டி வங்கியின் கம்ப்யூட்டருக்குப் போன் செய்யும். என் கணக்கில் நடந்ததெல்லாம் வரிவரியாக வந்து இறங்கும். இறங்கி முடிக்க ஒன்பது நிமிடம். அதுவரை லைன் அறுபடக் கூடாது. அறுபட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் கணக்கில் மாதம் ஏழு வரிதான் இருக்கும். வாடகை, மின்சாரம், தண்ணீர், மருந்து, டாக்டர், கோயிலுக்குப் பத்து வெள்ளி காணிக்கை, வங்கி போடும் வட்டி. ஏழு வரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்களே சிரித்தீர்கள். ஆனால் நான் எழுதி வைத்த ஏழும் வங்கி அனுப்பும் ஏழும் ஒத்துப்போய், கீழே வித்தியாசம் பூஜ்யம் என்று திரையில் வரும்போது ஒரு நிம்மதி இருக்கிறதே, அதை என்னால் விளக்க முடியாது. என் வாழ்க்கையில் வேறு எதுவும் அப்படிச் சரியாக வந்ததில்லை.

முதல் மூன்று வாரம் அது சரியாக வரவேயில்லை. நாலு நிமிடத்தில் அறுந்தது, எட்டாவது நிமிடத்தில் அறுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். வயரை மாற்றினோம். வேகத்தைக் குறைத்தோம். மழை என்றீர்கள், பக்கத்து மாவு மில் மோட்டார் என்றீர்கள். ஒருநாள் நீங்கள் தரையில் படுத்து மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததைக்கூட நான் மறக்கவில்லை.

காரணத்தை நான் தனியாகக் கண்டுபிடித்தேன். உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் வெட்கமாக இருந்தது. மாடியில் என் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு போன் இருந்தது. அதே லைன்தான். மோடம் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ரிசீவரை எடுத்தால் கீழே எல்லாம் போய்விடும்.

அண்ணன் சிலுவைராஜை நீங்கள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர். எழுபத்து நாலில் கிரேன் கயிறு அறுந்து சரக்கு இடுப்பில் விழுந்தது. அன்றோடு இரண்டு காலும் போயின. படுத்தே கிடந்ததில் ஆஸ்துமாவும் சேர்ந்துகொண்டது. மூச்சு முட்டும்போது அவரால் குரல் கொடுக்க முடியாது. அதனால்தான் மாடியில் போன் வைத்தேன். வைத்தவனும் நான்தான். 995 என்று மூன்று எண்ணைச் சுற்றினால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படி வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

பதின்மூன்று வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டியது, துடைத்தது, ஞாயிற்றுக்கிழமை முதுகில் சுமந்து பதினான்கு படி இறக்கிப் பூசைக்குக் கொண்டுபோனது எல்லாம் நான்தான். எனக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு பேரும் மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்து முடிக்காமல் இறங்கிப் போனார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள் லைன் அறுந்ததும் மாடிக்குப் போனேன். அண்ணன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கொஞ்சம் சும்மா இருடா. இதுக்குள்ள யாரோ அழுவுறாங்க."

"அது மோடம்ணே. கம்ப்யூட்டர் பேசுற சத்தம்."

"பேசுறதா? எனக்கு அழுவுற மாதிரிதாண்டா கேக்குது. பாவமா இருக்குலா."

மூன்று வாரமாக அதைக் கேட்கத்தான் எடுத்திருக்கிறார். நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாகச் சொன்னேன்: தினமும் நாலிலிருந்து ஐந்து வரை போனைத் தொட வேண்டாம்.

"உசுரு போற மாதிரி இருந்தா என்னடா பண்றது?"

"அப்ப எடுங்க. அப்ப மட்டும் எடுங்க."

"சரிலா. உசுரு போனாத்தான் எடுப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் அந்த நாற்பத்து மூன்று நாள் ஆரம்பிக்கிறது. அவர் ஒருநாள்கூடத் தொடவில்லை. சில நாள் நாலு மணிக்கு முன்னால் மேலே எட்டிப் பார்ப்பேன். போனைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்து சொன்னீர்கள். வாடிக்கையாளருக்கு உதவ வங்கி ஓர் ஆள் எடுக்கப்போகிறது, சோதனையில் இருப்பவர்களில் ஒருவரைத்தான் எடுப்பார்கள். "நவம்பர் பன்னெண்டு வரைக்கும் ஒரு நாள்கூட விடாம முழுசா எறக்கிருங்க அண்ணே. உங்க பேர நான் மேல சொல்றேன்." எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அந்த வயதில், வங்கி இருக்கும் ஷென்டன் வேயில் ஏசி அறையில் ஒரு நாற்காலி. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேலை கிடைத்தால் பகலில் தன்னைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு ரத்தினம்மாவைக் கேட்கலாம் என்று அவரே யோசனை சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி கடைசி நாள். வங்கியின் கம்ப்யூட்டர் ஐந்து மணிக்கு மூடிவிடும். நல்ல மழை. நாலு மணிக்கு டயல் செய்தேன். நாலு ஆறுக்கு லைன் அறுந்தது.

மழை என்று நினைத்தேன். பிளக்கைப் பார்த்தேன். மறுபடி டயல் செய்தேன். இரண்டு நிமிடத்தில் அறுந்தது. அண்ணன் பழைய விளையாட்டை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் 'நினைத்தேன்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இரண்டும் பொய், அமீன். அடித்துவிட்டு எழுதலாம் என்றால் தாள் அசிங்கமாகிவிடும். முதல் தடவை அறுந்தபோதே எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று நாள் வாக்கைக் காப்பாற்றிய மனிதர் எதற்காக எடுப்பார் என்று சொன்னவரும் அவர்தான், ஒத்துக்கொண்டவனும் நான்தான்.

உங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மோடம் லைனைப் பிடித்திருக்கும்போது மேலே எடுத்தால் என் இணைப்பு அறுந்துவிடும், சரி. ஆனால் அவருக்கு டயல் சத்தம் கிடைக்க நான் லைனை விட வேண்டும். நான் உடனே மறுபடி டயல் செய்தால் அவர் காதில் அந்த அழுகைதான் கேட்கும். அவர் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுப்பார். அதற்குள் நான் லைனைப் பிடித்திருப்பேன். அவருக்கு வேண்டியது மூன்று எண்ணைச் சுற்றும் நேரம். ஒரே ஒரு நிமிடம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

பதினொரு தடவை.

அண்ணன் இறந்த தேதி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அப்போது தங்கை கல்யாணத்துக்காக மலாக்காவில் இருந்தீர்கள். திரும்பி வந்து பிஸ்கட் டின்னோடு துக்கம் கேட்க வந்தீர்கள். அதே வியாழக்கிழமைதான். ஐந்து மணி பத்துக்கு மாடி ஏறினேன். டாக்டர் ஆஸ்துமா என்று எழுதினார். அரைமணி முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். போலீஸ் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. அடக்கத்தில் ரத்தினம்மா எல்லாரிடமும், "பெத்த தாய்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். நான் மறுக்கவில்லை. பதின்மூன்று வருடத்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் அது உண்மைதான்.

வேலைக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. இரண்டு வருடமாக உங்களுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். "வீட்டுல வேற போன் இருக்கா? யாராச்சும் எடுத்தாங்களான்னு போய்ப் பாத்துட்டு வாங்க." போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளை விளையாடியது, மாமியார் எடுத்தார் என்று சொல்வார்கள். அதுவரைக்கும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடிப்பதில்லை. பொறுமையான ஆள் என்று என்னைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதங்களை நீங்கள் பலகையில் குத்தி வைக்கிறீர்கள்.

மாடி போனை நான் கழற்றவில்லை. கட்டிலையும் நகர்த்தவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு இன்னும் கணக்கை இறக்குகிறேன். மருந்தும் டாக்டரும் போய் இப்போது ஐந்து வரிதான். மோடம் கத்த ஆரம்பித்ததும் படியைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். யாரோ மேலே கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். லைன் அறுந்துவிடாதா என்று காத்திருப்பேன். அறுந்தால் அந்தக் கணமே ஓடுவேன், படியில் விழுந்தாலும் ஓடுவேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வித்தியாசம் பூஜ்யம் என்று வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அமீன்.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. பதினொரு தடவை அறுந்த லைன் பன்னிரண்டாவது தடவை எப்படி ஒன்பது நிமிடம் தாங்கியது என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

நாலு நாற்பத்து நாலுக்கு நான் கீழே ரிசீவரை எடுத்தேன். லைனில் அண்ணன் இருந்தார். மூச்சு விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது. "தம்பி... லைனை விடுடா" என்றார்.

"பத்தே நிமிஷம்ணே" என்றேன். "இன்னிக்கு ஒரு நாள்தான். கீழ வெச்சிருங்க."

வேலைக்காகத்தான் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சரிடா தம்பி" என்றார். ரிசீவரைத் தேடி, இடம் பார்த்து, சத்தம் வராமல் அவரே வைத்தார். நான் டயல் செய்தேன்.