கீழ்த்தளத்துத் தொலைபேசி

கீழ்த்தள அறைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே குளிர் எலும்பில் இறங்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்கும். என்னுடையதுதான். என் மச்சானும் அதையே போட்டுக்கொள்வான், கை அவனுக்குக் குட்டை. விசாரணைக்காக உள்ளே போனபோது நீங்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றீர்கள் என்று காவலாளி சொன்னார். அடுத்த முறை அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. துவைத்ததுதான்.

நேற்றைய கூட்டத்தில், மச்சானின் அனுபவமின்மையால் நேர்ந்த பிழை என்றீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அந்த அறையில் ஆளுயர இரும்பு அலமாரி இருக்கிறது. ஆஸ்பத்திரியின் எல்லாத் தகவலும் அதிலுள்ள வட்டுகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினிகளையெல்லாம் இயக்கும் சர்வர்கள் மாடியில் இருக்கின்றன, அவற்றுக்குச் சொந்தமாக வட்டு கிடையாது. வேண்டியதைக் கேபிள் வழியாகக் கீழே கேட்டு வாங்கிக்கொள்ளும். எந்த சர்வருக்கு எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று அலமாரிக்குச் சொல்லிவைப்பது என் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும். காட்டச் சொன்னால் காட்டும், மறைக்கச் சொன்னால் மறைக்கும். மறைத்தால் எதுவும் அழியாது. இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கேட்கிற சர்வரின் கண்ணில் படாது, அவ்வளவுதான். இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் எதையும் அழிக்கவில்லை.

ஒவ்வொரு சர்வராகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் நாலைந்தைச் சேர்த்துக் குழுவாகக் கட்டிவிட்டு, குழுவின் பெயரைச் சொல்வோம். குழுக்களெல்லாம் நான் கட்டியவை. வார்டு குழுவும்தான். நோயாளிகளின் மருந்து விவரம், பரிசோதனை முடிவுகள் என்று வார்டுக்கு வேண்டியதைக் கொடுக்கும் சர்வர்கள் அதில் இருந்தன. மச்சான் சேர்ந்த புதிதில் அந்தக் குழுவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்று கேட்டான்.

"மாமா, போன் சர்வர் இதுல என்ன பண்ணுது?"

"வார்டுல போன் இல்லையா?"

"போன் ஆஸ்பத்திரி பூரா இருக்கே. தனியா பிரிச்சு வெச்சா நல்லதில்ல?"

"வந்து நாலு நாள் ஆகல, வீட்டை இடிச்சுக் கட்டணும்ங்கற."

சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அவன் சுபாவம் அது. தான் சொன்னது சரியாகவே இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டான்.

அவன் என் மனைவியின் தம்பி. நான்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். அப்போது வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. இப்போது பழைய அலமாரி போய்ப் புதியது வரப்போகிறது. அதில் கறுப்புத் திரை இல்லை. படத்தைப் பார்த்துத் தொட்டால் போதும். இரண்டு பேர் தேவையில்லை, ஒருவர் போதும் என்று மேலாளர் அம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன்.

"அவன் இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் என் மனைவி. "இப்பத்தான் பொண்ணு பேசி முடிச்சிருக்கோம். உங்களுக்கென்ன, இத்தனை வருஷ அனுபவம். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப்பாங்க."

போன இடங்களில் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தார்கள். என் மகன் வயதுள்ளவர்கள் எதிரே உட்கார்ந்து, நான் காதால் கேட்டிராத பெயர்களைச் சொல்லி, இது தெரியுமா, அது தெரியுமா என்றார்கள். ஒருவன் மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பினான். "சார், நீங்க சொல்ற மெஷினை நான் படத்துலதான் பாத்திருக்கேன்," என்றான். நல்ல பையன். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, ஏதாவது ஓர் அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவேன். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இந்த வயதுக்குமேல் எங்கே போய் என்ன கற்றுக்கொள்வது? எனக்குத் தெரிந்தது அந்த ஓர் அலமாரி.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை என்னைத் தேட வேண்டும் என்று நினைத்தேன். எல்லாம் நின்றுபோக வேண்டும். மச்சான் திருதிருவென்று விழிக்க வேண்டும். மேலாளர் அம்மா தானே போனை எடுத்து, கொஞ்சம் வாங்களேன் என்று கூப்பிட வேண்டும். நான் போய் ஒரு வரி அடிப்பேன். எல்லாம் திரும்பிவிடும். இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேன்டீன் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைப் பொட்டிக்காரத் தம்பி என்பார். ஒருமுறை காலில் புண்ணோடு நொண்டிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் வைத்தியம் பண்ண வேணாம் சாமி. ஒரு வகை ஊசி எனக்கு ஆகவே ஆகாது. மூச்சு அடைச்சுக்கும். கம்ப்யூட்டர்ல என் பேருக்கு நேரா சிவப்பா எழுதி வெச்சிருக்காங்களாம். உன் பொட்டியிலதான இருக்கு? பத்திரமா பாத்துக்க."

"நான் இருக்கறவரைக்கும் அது பத்திரமா இருக்கும்க்கா."

"அப்ப நீ எங்கயும் போயிடாத. டீ ஆறுது, குடி."

அது நடந்த அன்று கேன்டீனில் அவர் இல்லை. அந்தக் கால்தான் மறுபடி வீங்கி, கடும் காய்ச்சலோடு முந்தைய நாள் வார்டில் சேர்த்திருந்தார்கள். காலையில் எட்டிப் பார்த்தேன். பாதி மயக்கத்தில் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் கீழேதான் இருப்பேன், எதுவானாலும் போன் பண்ணுங்கள் என்று தலைமை நர்சிடம் சொல்லிவிட்டு வந்தேன். கீழ்த்தளத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. சுவரில் மாட்டிய போன் ஒன்றுதான். அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சின்னப் பச்சை விளக்கு எரியும்.

மாடியில் அன்று புதிதாக ஒரு சர்வர் வைத்திருந்தார்கள். அதற்கு வட்டில் இடம் ஒதுக்கும் வேலை மச்சானுடையது. ஒதுக்கினான். சர்வருக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டு மறுபடி ஒதுக்கினான். தெரியவில்லை. மாடிக்கு ஓடிக் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தான்.

"மாமா, ஒரு நிமிஷம் பாருங்களேன். மண்டை காயுது."

"நீதான் படிச்சவனாச்சே."

"படிச்சதெல்லாம் இந்தக் குளிர்ல உறைஞ்சு போச்சு. வாங்க மாமா."

கேபிள் முனை ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்துமாக நீளமான முகவரி உண்டு. அதை அலமாரியில் பதியும்போது எட்டு வர வேண்டிய இடத்தில் 'பி' அடித்திருந்தான். அப்படி ஒரு முகவரியே உலகத்தில் இல்லை. இல்லாத ஆளுக்கு வீடு எழுதிக்கொடுத்துவிட்டு, ஏன் குடிவரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தான். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லி, அவன் நாற்காலியில் உட்கார்ந்து திருத்தினேன்.

"மேல போய் சர்வர்ல தேடிப் பாரு. இப்பத் தெரியும்."

"என்ன பண்ணீங்க?"

"போய்ப் பாரு."

"தெய்வம் மாமா நீங்க." ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுப் படியேறினான். அதில் அவன் சூடு இருந்தது.

அவன் தன் பெயரில் உள்ளே நுழைந்து திறந்த திரை அது, அதில் எதை அடித்தாலும் அவன் அடித்ததாகவே பதிவாகும். அதிலேயே, வார்டு குழுவுக்குக் காட்டுவதையெல்லாம் மறைக்கச் சொல்லி ஒரு வரி அடித்தேன். அலமாரி சொன்னவுடன் செய்துவிடாது. எந்தெந்த சர்வருக்குப் பாதிப்பு என்று பெயர்களைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். எங்கள் தொழிலில் அதை யாரும் படிப்பதில்லை. ஆம் என்று அடித்துவிட்டு, நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பிழை இல்லை, ஐயா. முகவரியிலேயே தடுமாறுகிறவனால் அதை எழுதியிருக்க முடியாது. அதை அனுபவமின்மை என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

மாடியில் நடந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக விசாரித்திருக்கிறீர்கள். வார்டில் திரைகள் உறைந்தன. அக்காவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. பணிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஊசி ஒன்றைப் போடச் சொன்னார். சிவப்பு எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் நர்ஸ் ஊசியைத் தொட மாட்டார். திரையில் ஒன்றும் இல்லை. மருந்தகத்துக் கணினியிலாவது தெரிகிறதா என்று கேட்கப் போனை எடுத்தார். சத்தமே வரவில்லை. பக்கத்து மேஜைப் போனிலும் வரவில்லை. மருந்தகம் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்களின் கைபேசி எண் வார்டில் யாரிடமும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்தது உள் எண்தான். ஓர் ஆளை ஓடச் சொன்னார்கள். அவர் திரும்பி வருவதற்குள் டாக்டர், இதற்குமேல் காத்திருக்க முடியாது, போடுங்கள் என்றார். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவசரத்தில் இருந்தவர்.

மேலாளர் அம்மா தானே போனை எடுத்து என் அறை எண்ணை அழுத்திப் பார்த்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப அழுத்தினாராம். அதைக் கேட்டபோது என் மனம் கொஞ்சம் நிறைந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மச்சான் தன் புதிய சர்வரால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்து, அதன் கேபிள்களையெல்லாம் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். அது சரிப்படாமல் கடைசியில் படிகளில் ஓடிவந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"மாமா, எல்லாம் போச்சு. வார்டுல ஒண்ணும் தெரியல. போன்கூட இல்ல. நான் என்னத்தையோ பண்ணித் தொலைச்சுட்டேன்."

"பதறாத. தள்ளு."

ஒரு வரி அடித்தேன். சற்று நேரத்தில் போனின் பச்சை விளக்கு எரிந்தது. அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லவேளை நீங்க இருந்தீங்க," என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் தவித்தேன். ஆனால் சொன்னது அவன். மேலாளர் அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் மேலே போனபோது வார்டு வாசலில் கூட்டமாக இருந்தது. உள்ளே திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேஜையில் கம்ப்யூட்டர் திரை வேலை செய்துகொண்டிருந்தது. அக்காவின் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே சிவப்பு எழுத்து இருந்தது. நான் அவரிடம் சொன்னபடியே, ஒன்றும் கெடாமல் பத்திரமாக இருந்தது.

மச்சானை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். பெண் வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அவன் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சோற்றைத் தட்டில் போட்டால் பிசைந்துகொண்டே இருக்கிறான். "நீங்க வாங்கிக் குடுத்த வேலை மாமா. உங்க பேரையும் கெடுத்துட்டேன். அந்த அக்கா உசுரு என் கையால போச்சு," என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான். தான் என்ன அடித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. அடிக்காதது எப்படி நினைவு வரும்?

வேலை எனக்கு உறுதியாகிவிட்டது. என் மனைவி இன்று காலை சட்டையை எடுத்துக்கொடுத்து, "நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். பெரியவங்க நீங்க சொன்னா கேப்பாங்க," என்றாள். அவளுக்காகத்தான் வந்தேன். அந்த வரியை அடித்தது நான். அதை அவன் பெயரில் அடித்ததும் நான். அக்கா வார்டில் இருந்தது எனக்குத் தெரியும். சிவப்பு எழுத்தும் தெரியும்.

போன் சர்வர் அந்தக் குழுவில் இருந்தது நினைவிருந்ததா என்று இப்போது கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்றேன். அடிக்கும்போது மறந்துதான் இருந்தேன், சத்தியமாக. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு அணைந்தது. என் முகத்துக்கு எதிரேதான் இருந்தது, பார்த்தேன். மச்சான் முன்பு கேட்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. கையெட்டும் தூரத்தில் விசைப்பலகை இருந்தது. ஒரு வரி அடித்திருந்தால் போதும். ஆனால் யாரும் கூப்பிடாமல் நானாகச் சரிசெய்துவிட்டால், பிறகு எதற்காக இதெல்லாம்?

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தம் இல்லை. மெதுவாக, சரியாக அதன் இடத்தில் பொருந்தும்படி திரும்ப வைத்தேன். எடுத்தே வைத்திருந்தால், அவர்கள் கூப்பிடும்போது லைன் கிடைக்காது.